யூனிட் கணக்கில் ஒரு மார்கழி

ஸ்லவ், இங்கிலாந்து
மார்கழி, இரண்டாம் வாரம்

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்குத் தம்பிமகன் பணிவுடன் எழுதி அனுப்பும் விளக்கம்.

கன்சர்வேட்டரி என்பது, ஆங்கிலேயர் தம் வீட்டின் பின்சுவரை ஒட்டி, மற்ற மூன்று பக்கங்களையும் கூரையையும் கண்ணாடியால் அமைத்து, உள்ளே பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே பெய்யும் மழையைப் பார்ப்பதற்காகக் கட்டிக்கொள்ளும் அறையைக் குறிக்கும் சொல். தஞ்சை வட்டார வீட்டமைப்பில் இதற்கு நேரான உறுப்பு எதுவும் இல்லை. திண்ணை தெருவைப் பார்க்கும், இவ்வறை கொல்லையைப் பார்க்கும். முற்றம் வானத்தையும் மழையையும் சேர்த்தே வீட்டுக்குள் விடும், இவ்வறை வானத்தைக் காட்டிவிட்டு மழையை வெளியே நிறுத்தும். தாழ்வாரம் நிழலுக்காக இறக்கப்பட்டது, இவ்வறையோ நிழல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக எழுப்பப்பட்டது. ஆகவே, முற்றத்தைப் பெயர்த்தெடுத்துக் கொல்லையில் வைத்து, மேலே கண்ணாடி மூடி போட்டதாகக் கருதிக்கொண்டால் இலக்கணம் ஏறத்தாழப் பொருந்தும். மூடி போட்ட பிறகும் அது முற்றம்தானா என்ற தடையை மட்டும் இப்போதைக்கு ஒத்திவைக்க வேண்டியிருக்கும்.

பெரியப்பா அவர்கள் சென்ற கடிதத்தில் எழுப்பியிருந்த வினா, வெயிலைப் பிடித்து வைப்பதற்கென்றே கட்டிய அறைக்குத் தனியாக ஹீட்டர் எதற்கு, அதுவும் கண்ணுக்குத் தெரியாத நெருப்பு எதற்கு என்பதாகும். அவ்வினாவோடு, தம்பிமகன் முன்பு எழுதிய கடிதமும் சிவப்பு மையில் பதினான்கு திருத்தங்களுடன் திரும்பி வந்திருந்தது. விளக்கக் கட்டுரையில் எழுதுபவன் தலைகாட்டுதல் ஆகாது, தன்மை ஒருமை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைக்கப்படும் என்ற குறிப்பும் அதன் ஓரத்தில் இருந்தது. தமிழாசிரியர் பணியிலிருந்து பெரியப்பா ஓய்வு பெற்ற பிறகும் தான் ஓய்வு பெறாத அந்தப் பேனாவுக்கு அஞ்சி, இக்கடிதம் முழுவதும் படர்க்கையிலேயே அமைகிறது.

கன்சர்வேட்டரி என்ற சொல்லுக்குப் பாதுகாத்து வைக்கும் இடம் என்று பொருள். முதலில் அங்கே பாதுகாக்கப்பட்டவர்கள் மனிதர்கள் அல்லர், மரங்களே. வெப்பநாட்டு ஆரஞ்சு மரங்களைத் தொட்டியில் வளர்த்த ஐரோப்பியச் செல்வர்கள், பனிக்காலத்தில் அவை பட்டுப்போகாதபடி பெரிய சன்னல்கள் வைத்த கூடங்களுக்குள் நகர்த்தி வைத்ததில் இந்த மரபு தொடங்கியது. அதன் உச்சம், டெர்பிஷயரில் டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில், தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் 1836 முதல் 1841 வரை எழுப்பிய பெருங்கண்ணாடிக் கூடமாகும். 84 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட அதைச் சூடாக வைத்திருக்க எட்டுக் கொதிகலன்களும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய்களும் தேவைப்பட்டன. இதே பாக்ஸ்டன்தான், மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த குட்டை வாழை இனமொன்றைச் சாட்ஸ்வொர்த்தின் கண்ணாடி வீட்டில் வளர்த்து 1835இல் பூக்கச் செய்து, கோமகனின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் என்பதே அவ்வினத்தின் பெயராக உலகெங்கும் வழங்கக் காரணமானவர். தமிழ்நாட்டுச் சந்தை மட்டும் கோமகனை மதிக்கவில்லை. தீவின் பெயரையே நாக்கில் தேய்த்து ‘மோரிஸ்’ ஆக்கிக்கொண்டது. காவிரித் தண்ணீர் எட்டினால் தானே தார் தள்ளும் ஒரு மரத்துக்கு இங்கிலாந்தில் கண்ணாடியும் கரியும் கொதிநீரும் வைத்து உபசாரம் நடந்திருக்கிறது என்பதை, கொல்லையில் மோரிஸ் வாழைக்கு முட்டுக்கொடுப்பதற்கே அலுத்துக்கொள்ளும் குடும்பத்தார் கருத்தில் கொள்ளலாம். பெருங்கூடத்தின் முடிவும் கருத்தில் கொள்ளத் தக்கது: முதல் உலகப் போர்க் காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் கொதிகலன்கள் அணைந்தன, தாவரங்கள் மடிந்தன, 1920இல் கூடமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கண்ணாடி அறை கட்டுவது ஒருமுறைச் செலவு, அதைச் சூடாக வைப்பது ஆயுட்காலச் செலவு என்ற விதி கோமகனுக்கே விலக்களிக்கவில்லை. வீட்டுக்கடன் தவணை கட்டும் தம்பிமகனுக்கு அளிக்கும் என்று எதிர்பார்த்தது பேதைமை.

கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பிறகு மலிவான இக்கட்டட வகை, படிப்படியாகக் கோமகனிடமிருந்து வணிகருக்கும், பின்னர் பிளாஸ்டிக் சட்டங்கள் வந்த காலத்தில் சாதாரணக் குடித்தனக்காரருக்கும் இறங்கி வந்தது. மரங்கள் இருந்த இடத்தில் சோபா வந்தது; குளிர் மட்டும் இடம் மாறவில்லை. காரணம் எளிது. ஸ்லவ் நகரம் 51.5 பாகை வட அகலாங்கில் இருப்பதால், மார்கழி முற்பகுதியில் அங்கே உச்சிவெயில் என்று சொல்லப்படுவதே அடிவானத்துக்கு மேல் 15 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; அதே நாளில் தஞ்சாவூரில் சூரியன் 56 பாகை உயரத்துக்கு ஏறிவிடுகிறது. பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிற அந்த ஊரில், பகலில் கண்ணாடி வழியே வந்த சிறிது வெயிலும் அதே கண்ணாடி வழியே விடைபெற்றுக்கொள்கிறது. ஒரு பொருளின் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதைக் குறிக்கும் அளவு வெப்பக் கடப்பெண் எனப்படும். இருபுறத்துக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதே அது. ஒற்றைக் கண்ணாடிக்கு அது 6க்குச் சற்றுக் குறைவு. ஓரளவு நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு 2 என்று கொள்ளலாம். ஒழுங்காக வெப்பக்காப்பு செய்த செங்கல் சுவருக்கு 0.3 அளவே. நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவுள்ள தம்பிமகன் வீட்டு அறையில் சுவரும் கூரையுமாக ஏறத்தாழ 35 சதுர மீட்டர் கண்ணாடி இருக்கிறது. வெளியே 5 டிகிரி செல்சியஸ், உள்ளே 21 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 35, 2, 16 என்ற மூன்றையும் பெருக்கி, இடைவிடாமல் 1,120 வாட் வெப்பத்தைக் கொல்லைக்குத் தானம் செய்ய வேண்டும் என்ற விடை கிடைக்கிறது. கதவிடுக்கில் நுழையும் காற்று இந்தத் தானக் கணக்கில் சேராது.

வீட்டுக்குள் சுடுநீர்க் குழாய்களால் இயங்கும் ரேடியேட்டரையே இங்கும் நீட்டிக்கொண்டால் என்ன என்று பெரியப்பா அவர்கள் கேட்கக்கூடும். இங்கிலாந்தின் கட்டட விதிகள், 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட கன்சர்வேட்டரிக்குச் சில நிபந்தனைகளின்பேரில் விலக்கு அளிக்கின்றன. வீட்டுக்கும் அறைக்கும் நடுவே வெளிவாசலின் தரத்தில் கதவு இருக்க வேண்டும் என்பதும், வீட்டின் சூடேற்றும் அமைப்பை அறைக்குள் நீட்டக் கூடாது, சூடேற்றினால் தனியே சூடேற்ற வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். சுருங்கச் சொன்னால், அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டியே குடியிருந்தாலும் தனி உலை வைத்துக்கொண்டுவிட்ட தம்பி குடும்பத்தின் நிலை இது. அந்தத் தனி உலையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அகச்சிவப்பு பேனல்.

இதன் இயல்பை விளக்க, வெப்பம் பயணம் செய்யும் மூன்று வழிகளையும் கூறுதல் இன்றியமையாதது. டபராவின் விளிம்பைத் தொட்ட விரல் சுடுவது வெப்பக் கடத்தல். அடுக்களைக் காற்று சூடாகி மேலே ஏறிக் கூரையில் புகைக்கரி படியச் செய்வது வெப்பச் சலனம். மார்கழிக் காலையில் திண்ணையில் விழும் இளவெயில் நடுவிலுள்ள காற்றைப் பொருட்படுத்தாமல் நேரே முதுகில் இறங்குவது கதிர்வீச்சு. காற்றைச் சூடேற்றும் சாதாரண ஹீட்டர் இரண்டாம் வழியைச் சார்ந்தது. அது சூடாக்கிய காற்று கண்ணாடிக் கூரைக்கு ஏறி, அங்கே குளிர்ந்து, சில்லென்று கணுக்காலில் வந்து இறங்கும். அகச்சிவப்பு பேனல் மூன்றாம் வழியைச் சார்ந்தது. இம்முறைக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. குளிர்காய்தல் என்பதே அது. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் வைக்கோல் கொளுத்திச் சுற்றி உட்கார்ந்தவர்கள் வயலின் காற்றைச் சூடாக்க முயன்றதில்லை; தங்கள் உள்ளங்கையைத்தான் நீட்டினார்கள். நெருப்பிலிருந்து எவ்வளவு தொலைவில் உட்கார வேண்டும் என்பதைத் திருக்குறள் மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்திலேயே உவமையாக வைத்து முடித்துவிட்டதால், பேனலோடு வந்த கையேட்டின் முதல் நான்கு பக்கங்களைத் தம்பிமகன் படிக்கத் தேவையிருக்கவில்லை.

அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்த ஊரும் ஸ்லவ் நகரமே என்பது தற்செயலான பெருமை. ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து, 1757இல் இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்து, இசைக் கலைஞராக வாழ்ந்துகொண்டே தொலைநோக்கி செய்து, 1781இல் யுரேனஸ் கோளைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், 1786 முதல் இறுதிவரை இவ்வூரில் குடியிருந்தார். பகலில் பாட்டு, இரவில் நட்சத்திரம் என்று வாழ்ந்த அவரைத் தஞ்சாவூர்க்காரருக்கு அறிமுகப்படுத்த அதிகம் பாடுபட வேண்டியதில்லை. 1800இல் அவர் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, ஊதாவை விடச் சிவப்பில் வெப்பம் மிகுந்திருந்தது. சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாததுபோல் தோன்றிய இடத்தில் வைத்த வெப்பமானியோ அதைவிடவும் மேலே ஏறியது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரியணை ஏறி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஸ்லவ் என்ற ஊர்ப்பெயரே சேற்றுநிலம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறப்படுவதால், டெல்டாவின் சேற்றை விட்டுப் புறப்பட்ட தம்பிமகன் ஐந்தாயிரம் மைல் கடந்து மறுபடியும் சேற்றிலேயே வந்து நின்றிருக்கிறான் என்ற முடிவுக்கு வருவதையும் தவிர்க்க இயலவில்லை.

கலைச்சொல்லைப் பற்றிப் பெரியப்பா அவர்களுக்கு நிச்சயம் ஒரு தடை எழும். ‘இன்ஃப்ராரெட்’ என்ற மூலச்சொல்லில் உள்ள முன்னொட்டுக்குக் ‘கீழே’ என்பதே பொருள் என்றிருக்க, அது எவ்வாறு ‘அகம்’ ஆயிற்று என்பது நியாயமான கேள்வி. கலைச்சொல் ஆக்கியோர், சிவப்புக்கு இந்தப் பக்கம் உள்ளதை அகச்சிவப்பு என்றும், ஊதாவுக்கு அந்தப் பக்கம் உள்ளதைப் புற ஊதா என்றும் வகுத்து, சங்க இலக்கியத்துக்குச் செய்ததையே சூரிய ஒளிக்கும் செய்துவிட்டனர். அகம் என்பதற்கு வீடு என்ற பொருளும் இருத்தலால், வீட்டைச் சூடேற்றும் கதிருக்கு அப்பெயர் பொருந்தும் என்று சமாதானம் கொள்ளலாம். இது வலிந்து கொண்ட பொருள் என்பதற்குச் சிவப்பு மை இப்போதே எதிர்பார்க்கப்படுகிறது.

பேனல் என்பது, பார்வைக்குச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையை ஒத்த, இரண்டு விரல் கனத்துக்கும் குறைவான தகடு. உள்ளே ஓடும் மின்தடைக் கம்பியால் அதன் மேற்பரப்பு 80 முதல் 100 டிகிரி வரை சூடாகும். எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ற அலைநீளத்தில் கதிர் வீசும் என்பது இயற்பியல் விதி. ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பமுள்ள சூரியனின் கதிர் 0.5 மைக்ரோமீட்டரில் உச்சம் கொள்கிறது. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேனலின் கதிர் 8 மைக்ரோமீட்டர் அளவிலும், மனித உடலின் கதிர் 9.5 மைக்ரோமீட்டர் அளவிலும் உச்சம் கொள்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார் என்பதால், ஊரிலிருந்து ஆறு உறவினர் வந்து அமர்ந்தால் ஒரு 600 வாட் பேனலுக்குச் சமமாகும். மின்கட்டணம் மிச்சம், காப்பிச் செலவு தனி.

இவ்வலைநீள வேறுபாட்டிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. முதலாவது, சூரியனின் குறுகிய அலைக்கு வழிவிடும் கண்ணாடி, பேனலின் நீண்ட அலைக்கு வழிவிடாது. வழிவிடாவிட்டாலும் அதை விழுங்கிச் சூடாகி, அச்சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிடும். ஆகவே பேனலைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி வைப்பது, வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரை வடிகாலுக்குத் திறந்துவிடுவதற்குச் சமம். இரண்டாவது, வெயிலில் வெள்ளைத் துணி ஒளியைத் திருப்பிவிடுவதும் கறுப்புத் துணி விழுங்குவதும் அனைவரும் அறிந்ததே. நீண்ட அலையிலோ இந்த நிறவேற்றுமை அநேகமாக இல்லை. அந்தப் பேனலின் கீழே வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் ஒரே அளவு சூடாகும். இங்கிலாந்தில் இவ்விரண்டுக்கும் சம மரியாதை கிடைக்கும் இடம் இதுவாகவே இருக்கலாம்.

பேனல் விற்றவர், அதே மின்சாரத்துக்கு இரட்டிப்பு வெப்பம் கிடைக்கும் என்று கூறினார். இது ஆராய்ந்து ஏற்கத்தக்க கூற்று. மின்தடையால் சூடேறும் எந்தக் கருவியும், விலை எதுவாயினும், ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாகத்தான் மாற்றும்; வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்துக் கொடுக்கும் வெப்ப பம்பு மட்டுமே ஒன்று வாங்கி மூன்று அளவுக்குத் தர வல்லது. ஆயினும் விற்பனையாளர் முற்றிலும் பொய் சொன்னதாகவும் கொள்ள முடியாது. மனிதர் உணரும் வெப்பநிலை, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலைக்கும் ஏறத்தாழ நடுவில் அமைகிறது. காற்று 15 டிகிரியிலேயே இருக்க, பேனலின் தயவால் மற்றது 23 ஆனால், உடல் 19 என்று உணரும். 15 டிகிரிக் காற்றிலிருந்து வெப்பம், 19 டிகிரிக் காற்றிலிருந்து ஓடுவதைவிடக் குறைவாகவே கொல்லைக்கு ஓடும். சேமிப்பு என்று சொல்லத்தக்கது இந்த நான்கு டிகிரிதான். அதுவும் பேனலின் பார்வையில் இருக்கும்வரை மட்டுமே; எழுந்து இரண்டடி தள்ளிப்போனால், சாமி புறப்பாட்டில் தீவட்டி நகர்ந்துவிட்ட பிறகு நிற்பவரின் நிலைதான்.

பேனலை மாட்டும் இடமும் எளிதில் அமைவதில்லை. சிறந்த இடம் கூரை என்று நூல்கள் சொல்லும். இவ்வறையிலோ கூரையே கண்ணாடி. அதில் தொங்கவிட்டால் பேனலின் முதுகுச் சூடு வானத்தைத்தான் சூடேற்றும். எனவே வீட்டை ஒட்டிய ஒரே முழுச் செங்கல் சுவரில் உயரத்தில் ஒன்றும், நாற்காலிக்கு எதிரே கண்ணாடிக்கு அடியிலுள்ள குட்டைச் சுவரில் ஒன்றுமாக, 600 வாட் அளவில் இரண்டு மாட்டப்பட்டன. முதல் இரவு உணவின்போதே, கதிர் நேர்கோட்டில் செல்லும் என்ற பள்ளிப் பாடம் மேசையின் கீழே மெய்ப்பிக்கப்பட்டது: தலையும் தோளும் வைகாசியில் இருக்க, மேசைப் பலகையின் நிழலில் அகப்பட்ட முழங்கால்கள் மார்கழியிலேயே தங்கிவிட்டன. சாப்பிடும்போது பாதி உடம்புக்கு மட்டும் கம்பளி போர்த்துவது அவ்வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

இக்கருவியின் உண்மையான சோதனை இட்லி மாவில் நடந்தது. மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி வரை உகந்தது என்பதையும், இங்கிலாந்தின் பனிக்காலச் சமையலறையில் அரைத்த மாவு இரண்டு நாள் ஆனாலும் அரைத்தபடியே சாதுவாக அமர்ந்திருக்கும் என்பதையும் அயலகத் தமிழர் யாவரும் அறிவர். தம்பிமகன் மாவை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, பேனலுக்கு எதிரே இரவு முழுவதும் வைத்தான். விடிந்தபோது தூக்கைச் சுற்றி இருந்த தரையோ கதகதப்பாக இருந்தது; மாவு சில்லென்று இருந்தது. பளபளப்பான உலோகம், தன்மேல் விழும் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியை, முகம் பார்க்கும் கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் திருப்பிவிடும் என்பதே காரணம்; புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அந்தப் பளபளப்பே மாவுக்குப் பகையாயிற்று. இக்காரணத்தை நூல் பார்த்துக் கண்டுபிடித்தவன் தம்பிமகன். நூல் பார்க்காமல் பரிகாரம் கண்டவள் அவன் மனைவி. பெரியம்மா அவர்கள் விமான நிலையத்தில் கட்டாயப்படுத்திப் பெட்டியில் திணித்ததும், 23 கிலோ வரம்பில் நான்கு கிலோவைத் தானே எடுத்துக்கொண்டதும், அதுவரை பரணில் கிடந்ததுமான கல்சட்டியை இறக்கி அவள் மாவை அதில் மாற்றினாள். மெருகில்லாத மாக்கல் கதிரை அப்படியே வாங்கிக்கொண்டது. மறுநாள் காலை மாவு சட்டி விளிம்பைத் தாண்டி வந்து தன் வரவைத் தெரிவித்தது. அன்று பெட்டியை எடை பார்த்துக்கொண்டே முணுமுணுத்த சொற்களைத் தம்பிமகன் இதன்மூலம் திரும்பப் பெறுகிறான்.

மாவுக்கு அடுத்தபடியாகப் பயன் பெற்றது கறிவேப்பிலைச் செடி. குளிர் கூடினால் இலையை உதிர்த்துக் குச்சியாக நிற்கும் அச்செடி, பேனலிலிருந்து ஒரு கை தொலைவில் புதுத் தளிர் விட்டிருக்கிறது. குழம்பு தாளிக்கும்போது மூன்று இலை கிள்ளலாமா, நான்கு கிள்ளலாமா என்பது குறித்து வீட்டில் விவாதம் நடக்கும் அளவுக்கு வளம். ஒரு தீங்கும் உண்டு. பேனல் காற்றை அதிகம் சூடாக்காததால் கண்ணாடி குளிர்ந்தே இருக்க, இட்லிப் பானையின் ஆவியோ காயப்போட்ட துணியின் ஈரமோ அதில் முத்துமுத்தாகப் படிந்து, திரண்டு, கீழே வழிகிறது. பெய்யும் மழையை உள்ளிருந்தபடி பார்ப்பதற்காகக் கட்டிய அறையில், மழை உள்ளேயே பெய்வதைக் காணும் வாய்ப்பும் இவ்வாறு கிட்டுகிறது. மேல் சன்னலைச் சிறிது திறந்தால் ஈரம் போகும். கூடவே வாங்கிய வெப்பமும் போகும்.

ஆண்டு முழுவதும் சௌகரியம் என்ற விளம்பரச் சொல்லின் மறுபாதியையும் கூற வேண்டும். 2022 ஆடித் தொடக்கத்தில், ஜூலை 19ஆம் நாள், இங்கிலாந்து தன் வரலாற்றில் முதன்முறையாக 40 டிகிரியைக் கடந்தது. லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் பதிவான அளவு 40.3 டிகிரி. அத்தகைய நாட்களில் கண்ணாடி அறைக்குள் நிலவுவது கத்திரி வெயில். ஆங்கிலேயர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடும் அந்த நேரத்தில்தான், காக்கைக்குப் பயமின்றி, தூசி படாமல், வடாம் பிழிந்து காயவைப்பதற்கு உலகிலேயே உகந்த இடம் அது என்பது தெரியவந்தது. கருவியில்லாமல் கதிர் கிடைக்கும் மாதத்தில் வடாம், காசு கொடுத்துக் கதிர் வாங்கும் மாதத்தில் மாவு என்று, குறுவைக்கும் தாளடிக்கும் வயல் பயன்படுவதுபோல, அறை இருபோகம் ஆகிவிட்டது.

செலவுக் கணக்கு வருமாறு. இரண்டு பேனல்களும் நாளுக்கு ஐந்து மணி நேரம் இயங்கினால் 6 யூனிட்; யூனிட்டுக்கு 25 பென்ஸ் அளவில் ஒன்றரைப் பவுண்டு; மாதத்துக்கு 45 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டும், வயல் பம்புசெட்டுக்கு முழு மின்சாரமும் இலவசமாகப் பெறும் ஒருவரிடம் இந்தத் தொகையைக் கூறுவதில் உள்ள கூச்சம் சொல்லி மாளாது. இந்தப் பேனலைக் கொண்டுவந்து, மழையில் நனைந்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையம் ஏற்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைக்க முடியுமா என்ற பெரியப்பா அவர்களின் துணைவினாவுக்கும் இங்கேயே விடை கூறலாம். 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல் 17 சதவீதத்துக்கு வர 60 கிலோ நீர் வெளியேற வேண்டும். அதை ஆவியாக்க, சிறிதும் வீணாகாவிட்டாலும் 40 யூனிட் வேண்டும். ஒரு 600 வாட் பேனல் மூன்று நாள் இரவுபகலாக உழைத்தாலே அது முடியும். தெளிந்த வானத்தில் உச்சிவெயிலோ ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் அளவில் இறங்குகிறது. அந்தக் கணக்கில், 100 சதுர மீட்டர் சிமெண்டுக் களம் ஒன்று, 600 வாட் பேனல்கள் நூற்றறுபதுக்கும் மேலானவற்றை ஒருசேர இயக்குவதற்குச் சமம். மேகம் மூடும் நாட்களில் மட்டும் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் பழுதாகிவிடுகின்றன. அன்றுதான் நெல் தார்ச்சாலைக்கு இடம்பெயர்கிறது.

எஞ்சியிருப்பது, இவ்வளவு ஏற்பாட்டின் இலக்கு எது என்ற கேள்வி. அறையின் வெப்பநிலையை ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்ற கருவி, நெடிய சோதனைக்குப் பிறகு 21இல் வைக்கப்பட்டிருக்கிறது. ஒருநாள் மாலை காற்றும் கதிரும் ஒத்துழைத்து அந்த எண்ணைத் தொட்டபோது, தம்பிமகன் கோட்டைக் கழற்றினான். அவன் மனைவி கம்பளிக் காலுறையைக் கழற்றினாள். குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாடியது. அந்த மகிழ்ச்சியைத் தெரிவிக்கக் காத்திருந்தபோதுதான் பெரியம்மா அவர்களின் வாட்சப் படம் வந்து சேர்ந்தது: விடியற்காலையில் கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்தில் பெரியப்பா, தலையையும் காதையும் சுற்றி மப்ளர், மேலே சால்வை, இந்த வருடம் குளிர் தாங்கவில்லை என்று கீழே ஒரு வரி. படம் எடுத்த நேரத்தில் தஞ்சாவூரின் வெப்பநிலை என்ன என்று கைப்பேசியில் பார்க்கப்பட்டது. 21 டிகிரி.

ஆகவே இவ்விளக்கத்தின் முடிவாக ஒன்றைக் கூறலாம். காவிரிக் கரையில் மப்ளர் கட்ட வைக்கும் அதே காலையைத்தான், தேம்ஸ் கரைக்கு அருகே இரண்டு பேனல் மாட்டி, யூனிட் கணக்கில், மாதம் 45 பவுண்டுக்குத் தம்பிமகன் வாங்கிக்கொண்டிருக்கிறான். பொருள் ஒன்றே, விலை மட்டும் வேறு.

இக்கடிதமும் வழக்கம்போல் திருத்தங்களுடன் திரும்பி வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. சிவப்பு தெரியும் இடத்தைவிட, அதற்கு அடுத்து எதுவும் தெரியாத இடத்தில்தான் வெப்பம் மிகுதி என்பது இவ்வூரில் 1800இலேயே அளந்து மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
தம்பிமகன்